மிலிட்டரிக்காரர் பதில்கள்

போன இதழில் பென்ஷன், கேன்டீன் கார்டு கேள்விகளுக்கு நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஓய்வுபெற்று மூன்று வருடம் வீட்டில் இருந்த ஒரு கமாண்டோ ஜெனரலை அமெரிக்காவில் திரும்பக் கூப்பிட்டுத் தரைப்படைத் தளபதி ஆக்கினார்கள் என்று. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அந்த வரியைப் பற்றித்தான். ஆகவே பென்ஷன்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு, கல்லூரி மாணவர் ஒருவர்: ஐயா, நீங்கள் கமாண்டோவா? எத்தனை பேரைச் சுட்டிருக்கிறீர்கள்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: ரேஞ்சில் நிற்க வைத்த அட்டை மனிதர்களை மட்டும். அதிலும் பாதிப் பேர் பிழைத்துக்கொண்டார்கள்.

நான் சிக்னல்ஸ்காரன் தம்பி. 24 வருட சர்வீஸில் பெரும்பகுதி வயர்லெஸ் செட்டுக்கு முன்னால் போனது. நடுவில் சில வருடம் ஆக்ராவில் பாராசூட் பிரிகேடுக்கு சிக்னல் வேலை. அங்கே வேலை பார்க்க வேண்டுமானால் கிளார்க்கும் குதிக்க வேண்டும், சமையல்காரரும் குதிக்க வேண்டும். மல்புரா மைதானத்தில் ஐந்து குதி குதித்து, நெஞ்சில் இறக்கையும் தலையில் மெரூன் தொப்பியும் வாங்கினேன். 'பாக்கெட்' என்று ஒரு பழைய விமானம். அதன் சத்தத்தில் பயந்து, சீக்கிரம் குதித்துவிட்டால் தேவலை என்றிருக்கும்.

தொப்பி வந்த தெம்பில் கமாண்டோ ப்ரொபேஷன் என்ற தேர்வுப் பயிற்சிக்கும் பெயர் கொடுத்தேன். யாரும் தள்ளவில்லை, நானாகத்தான் போனேன். 23 நாள் தாக்குப்பிடித்தேன். 23-ஆம் நாள் ராத்திரி, முதுகில் 20 கிலோவுக்கு மேல் மூட்டை, கையில் வரைபடமும் காம்பஸும். ஒரு ஓடை பிரிகிற இடத்தில் இடது பக்கம் போக வேண்டியவன் வலது பக்கம் போய்விட்டேன். ஒரு கிலோமீட்டர் தாண்டியதுமே சந்தேகம் வந்தது. இரண்டாவது கிலோமீட்டரில் தப்பு என்று நிச்சயமாகவே தெரிந்தது. ஆனாலும் திரும்பவில்லை. திரும்பினால் நேரம் போகும், மற்றவர்கள் முந்திவிடுவார்கள் என்று ஒரு வெட்கம். எப்படியாவது முன்னால் பாதை சேரும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் போனேன். சேரவில்லை. விடிந்த பிறகு ஜீப்பில் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் ஆர்.டி.யூ., அதாவது பழைய யூனிட்டுக்கே திரும்பிப் போ என்ற சீட்டு. உஸ்தாத், அதாவது எங்கள் பயிற்சி வாத்தியார், திட்டவில்லை. இந்தியில் இப்படிச் சொன்னார்: "வழி தவறுவது எல்லாருக்கும் நடக்கும். நீ எந்த இடத்தில் தெரிந்துகொண்டாய், எந்த இடத்தில் நின்றாய் என்பதுதான் எனக்குக் கணக்கு." அப்போது எனக்குப் புரியவில்லை, கோபம்தான் வந்தது. பிறகு ஒரு ஜெனரலின் கதையைப் படித்தபோது உஸ்தாத் முகம் ஞாபகம் வந்தது. அந்தக் கதை அடுத்த பதிலில்.

ஊத்தங்கரை வாசகர்: வீட்டில் இருந்தவரைக் கூப்பிட்டுத் தளபதி ஆக்கினார்கள் என்றீர்களே, அவர் யார்? அப்படி என்ன செய்துவிட்டார்? விவரமாக எழுதவும்.

பீட்டர் ஷூமேக்கர். 1946-ல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். அப்பாவும் ராணுவ அதிகாரி. வயோமிங் பல்கலைக்கழகத்தில் அவர்கள் ஊர் ஃபுட்பால் ஆடிக்கொண்டே படித்து, 1969-ல் பட்டத்தோடு அதிகாரி ஆனார். தொடக்கத்தில் டாங்கிப் படை, ஜெர்மனி, கொரியா என்று எல்லா அதிகாரிகளையும் போலத்தான். திருப்பம் 1978-ல். அதற்கு முந்தைய வருடம் சார்லஸ் பெக்வித் என்ற கர்னல், பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். கமாண்டோ படையில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு வந்தவர், அதே மாதிரி அமெரிக்காவிலும் ஒன்று வேண்டும் என்று வருடக்கணக்கில் மேலிடத்தோடு மல்லுக்கட்டி, 'டெல்டா' என்ற ரகசியப் படையை ஆரம்பித்திருந்தார். ஷூமேக்கர் அதில் சேர்ந்தார்.

சேர்ந்து இரண்டு வருடத்தில் வந்தது ஈரான். 1979 நவம்பரில் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்து ஊழியர்களைப் பணயக்கைதி ஆக்கினார்கள் அல்லவா? அவர்களை மீட்க 1980 ஏப்ரல் 24 ராத்திரி டெல்டா கிளம்பியது. திட்டத்தைக் கேளுங்கள். நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 8 ஹெலிகாப்டர்கள் ஈரான் பாலைவனத்துக்குள் வர வேண்டும். ஓமான் நாட்டு மசீரா தீவிலிருந்து பெரிய விமானங்களில் கமாண்டோக்களும் எரிபொருளும் அதே இடத்துக்கு வர வேண்டும். இருட்டில் ஹெலிகாப்டருக்கு எரிபொருள் ஊற்றி, ஆட்கள் மாறி ஏறி, தெஹ்ரானுக்குப் பக்கத்தில் போய்ப் பகல் முழுதும் ஒளிந்திருக்க வேண்டும். மறுநாள் ராத்திரி லாரியில் தூதரகம், சுவர் ஏறிக் கைதிகளை மீட்டு, எதிரே இருக்கிற விளையாட்டு மைதானத்தில் ஹெலிகாப்டரை இறக்கி, அங்கிருந்து இன்னொரு விமானத்தளம், அங்கிருந்து வெளியே. ஒரு கல்யாணத்துக்கு மூன்று ஊர் வேன் ஒரே நேரத்துக்கு வந்து சேர்வதே நம்ம பக்கம் எவ்வளவு பாடு!

இதற்குக் குறைந்தது 6 ஹெலிகாப்டர் வேண்டும் என்று கிளம்பும்போதே முடிவு. எட்டில் ஒன்று இறக்கைப் பழுது காட்டி வழியில் இறங்கிவிட்டது. ஒன்று புழுதி மேகத்தில் சிக்கித் திரும்பிப் போனது. ஆறு வந்து சேர்ந்தன. அதில் ஒன்றில் ஹைட்ராலிக் கோளாறு. மிச்சம் ஐந்து. இதற்கிடையில் ஆள் நடமாட்டமே இருக்காது என்று தேர்ந்தெடுத்த இடத்தில் நாற்பது பேருக்கு மேல் பயணிகளோடு ஒரு பஸ் வந்து நிற்கிறது. ஒரு பெட்ரோல் டேங்கர் லாரி வர, அதைச் சுட, அது பாலைவனத்துக்கே வெளிச்சம் போட்டுக்கொண்டு எரிகிறது.

பெக்வித் முடிவெடுத்தார்: ஐந்தை வைத்துப் போகக் கூடாது, திரும்புவோம். வாஷிங்டனில் அதிபர் கார்ட்டரும் சரி என்றார். திரும்பக் கிளம்பும்போதுதான் விபரீதம். புழுதியில் ஒரு ஹெலிகாப்டரின் விசிறி, எரிபொருள் ஏற்றிய விமானத்தில் மோதி இரண்டும் எரிந்தன. விமானப்படையினர் 5, மரைன் என்ற கடல்சார் படையினர் 3, மொத்தம் 8 பேர் அங்கேயே போனார்கள். மற்ற ஹெலிகாப்டர்களை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். கைதிகள் கடைசியில், பிடிபட்டு 444 நாள் கழித்துப் பேச்சுவார்த்தையில்தான் விடுதலை ஆனார்கள்.

அந்த ராத்திரி அந்த மணலில் நின்ற டெல்டா அதிகாரிகளில் ஒருவர் 34 வயது ஷூமேக்கர்.

விசாரணையில் என்ன சொன்னார்கள்? கடற்படை ஹெலிகாப்டரை ஓட்டியது மரைன் விமானிகள், விமானம் விமானப்படையுடையது, கமாண்டோக்கள் தரைப்படை. எல்லாரும் தங்கள் தங்கள் வேலையில் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் முழுத் திட்டத்தையும் ஒரு முறைகூடச் சேர்ந்து ஒத்திகை பார்த்ததில்லை. ரகசியம் ரகசியம் என்று ஒருவருக்கு ஒருவரே அந்நியமாகிப் போனார்கள். இந்த அவமானத்தில் பிறந்ததுதான் 1980 டிசம்பரில் ஆரம்பித்த கூட்டுச் சிறப்பு நடவடிக்கைத் தலைமையகம், ராத்திரியில் மட்டுமே பறக்கப் பழகிய தனி ஹெலிகாப்டர் பிரிவு, 1987-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு உண்டாக்கிய சிறப்புப் படைகளின் தனிக் கமாண்டு எல்லாம்.

இனி ஷூமேக்கரின் ஏணியைப் பாருங்கள். 1983-ல் கிரெனடா தீவுச் சண்டை. 1989-ல் பனாமாவில் சண்டை வந்தபோது டெல்டாவுக்கே அவர் தலைவர். 1994-ல் அந்தக் கூட்டுத் தலைமையகத்துக்குத் தலைவர். 1997-ல் மொத்தச் சிறப்புப் படைகளுக்கும் நான்கு நட்சத்திர ஜெனரல். அதாவது அந்தத் தோல்வியால் கட்டப்பட்ட வீட்டில் ஒவ்வொரு மாடியாக ஏறி, கடைசியில் வீட்டுக்காரரே ஆனார். 2000-ல் ஓய்வு. அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: உற்சாகத்தைத் திறமை என்று குழப்பிக்கொள்ளாதே. பாலைவனத்தில் கற்றது.

2003-ல் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டுக்கும் அப்போதைய தளபதி ஷின்செகிக்கும் ஆகவில்லை. ஈராக்கைக் கட்டிக்காக்கப் பல லட்சம் பேர் வேண்டியிருக்கும் என்று ஷின்செகி சபையில் வெளிப்படையாகச் சொன்னது மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்றதும், பதவியில் இருந்த ஜெனரல்கள் அத்தனை பேரையும் தாண்டி, வீட்டில் இருந்த ஷூமேக்கரைக் கூப்பிட்டார்கள். 2003 ஆகஸ்ட் 1 அன்று பதவியேற்றார். இருக்கிறவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். யூனிட்டில் பென்ஷன் போன சுபேதார் மேஜர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

அதே வாசகர்: தளபதியாக வந்து என்ன சாதித்தார்?

என் பார்வையில் இரண்டு விஷயம்.

ஒன்று, டிவிஷன் என்ற பெரிய கூட்டுக் குடும்பத்தைப் பிரித்துத் தனிக்குடித்தனம் வைத்தார். முன்பெல்லாம் பதினைந்தாயிரம் பேர் வரை உள்ள டிவிஷனிடம்தான் பீரங்கி, பொறியாளர், சிக்னல், சப்ளை எல்லாம் இருக்கும். அதன் கீழே இருக்கிற பிரிகேட் எதற்கும் பெரியவீட்டைக் கேட்க வேண்டும். ஷூமேக்கர் நாலாயிரம் பேர் அளவில் ஒவ்வொரு பிரிகேடுக்கும் சொந்த அடுப்பு, சொந்த அரிசி மூட்டை கொடுத்துவிட்டார். கமாண்டோ புத்தி அது. சின்னதாக இரு, எல்லாம் கையோடு வைத்திரு.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிது. கமான்ச்சி என்று ஒரு ஹெலிகாப்டர். 1980-களின் தொடக்கத்திலிருந்து திட்டம் போட்டு, கிட்டத்தட்ட 700 கோடி டாலர் செலவழித்து, பறந்தது இரண்டே இரண்டு மாதிரி வண்டிகள். 2004 பிப்ரவரியில் அதை நிறுத்துகிறோம் என்று ஷூமேக்கர் அறிவித்தார். மிச்சப் பணத்தில் இருக்கிற ஹெலிகாப்டர்களைச் சரிசெய்து, தேவையானதை வாங்கலாம் என்றார். 20 வருடம் நடந்த பாதையில் நின்று, இது சேராது, திரும்பு என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். ஆறு கிலோமீட்டரில் திரும்ப முடியாதவன் சொல்கிறேன்.

எல்லாம் வெற்றி என்றும் சொல்ல மாட்டேன். அவர் காலத்தில் ஈராக்கும் ஆப்கானிஸ்தானும் சேர்ந்து சிப்பாய்களை வதக்கி எடுத்தன. வீட்டுக்கு வந்து துணி துவைத்துக் காயப்போடுவதற்குள் மறுபடி அனுப்பினார்கள். 2006 டிசம்பரில் அவரே, இப்படியே போனால் நிரந்தரப் படை உடைந்துவிடும் என்று எச்சரித்தார். கேள்வி என்னவென்றால், இதை இன்னும் முன்னாலேயே, இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாமா? பாலைவனத்தில் ஹெலிகாப்டரை எண்ணத் தெரிந்தவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? 2007 ஏப்ரலில் இரண்டாம் முறையாக ஓய்வுபெற்றார்.

காவேரிப்பட்டணம் வாசகி: எட்டுக்கு ஆறு வேண்டும், ஐந்து இருந்தது. ஒன்றுதானே குறைவு? நம்ம ஆட்களாக இருந்தால் போயிருப்பார்கள் என்று என் மகன் சொல்கிறான்.

மகன் நல்ல பிள்ளைதான் அம்மா, ஆனால் கணக்கில் கொஞ்சம் வீக். ஐந்து ஹெலிகாப்டரில் போவதென்றால் இருபது பேரை இறக்கிவிட்டுப் போக வேண்டும். யாரை இறக்குவது? சுவர் ஏறுகிறவனையா, காவல் நிற்கிறவனையா? தெஹ்ரான் போய்ச் சேர்வதற்குள் இன்னும் ஒன்று படுத்துவிட்டால் நான்கு. அதில் கைதிகள் ஐம்பது சொச்சம் பேரும் ஏறி வர வேண்டும். போவதற்கு இடம் இருந்தால் போதாது, வருவதற்கும் இருக்க வேண்டும். கே.ஆர்.பி. அணையில் பரிசலில் இக்கரையிலிருந்து ஆறு பேர் போய், அக்கரையிலிருந்து பன்னிரண்டு பேர் திரும்ப முடியுமா என்று அவனையே கேளுங்கள்.

சூளகிரி வாசகர்: நம் ராணுவத்துக்கு இப்படி ஒரு தோல்வி உண்டா? மறைக்காமல் சொல்லவும்.

உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம், 1987 அக்டோபர் 11 நள்ளிரவு. புலிகளின் தலைவர்களை அங்கே பிடித்துவிடலாம் என்று நூறு சொச்சம் பாரா கமாண்டோக்களையும், பின்னாலேயே சீக்கியக் காலாட்படையையும் ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். எதிர்த்தரப்பு தயாராகக் காத்திருந்தது. ஹெலிகாப்டர்களில் குண்டு பாய்ந்து அடுத்த நடைகள் நின்றன. இறங்கிய 30 சீக்கிய வீரர்களில் 29 பேர் மாண்டார்கள், ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்கள் விடிய விடியச் சண்டை போட்டு, டாங்கிகள் வந்த பிறகுதான் வெளியே வந்தார்கள். அங்கேயும் அதே கோளாறுதான். கெட்டிக்காரர்களைத் தப்பான தகவலோடு அவசரத்தில் அனுப்புவது.

அந்தச் சமயம் லீவில் வந்த என்னிடம் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தப் பக்கமும் அம்மான்னுதானே கத்துவாங்க?" நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த களியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனேன். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நான் எழுத மாட்டேன்.

போச்சம்பள்ளி வாசகர்: இந்தியாவில் கமாண்டோவாக இருந்து பெரிய ஜெனரல் ஆனவர்கள் இல்லையா? எப்போதும் வெளிநாட்டுக் கதைதானா?

கோபம் நியாயம்தான். லெப்டினன்ட் ஜெனரல் பிரகாஷ் கடோச் என்று ஒருவர். 1971 சண்டையைப் பார்த்தவர், இலங்கையில் கமாண்டோ பட்டாலியனை நடத்தியவர், பிறகு சியாச்சினில் ஒரு பிரிகேட், லடாக்கில் ஒரு டிவிஷன் என்று ஏறி மூன்று நட்சத்திரத்தோடு ஓய்வுபெற்றார். ஓய்வுக்குப் பிறகு சும்மா இல்லை. சிறப்புப் படைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் தரம் கெடும் என்று கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளியவர். எனக்கும் அதே கட்சி. மூன்று படைகளுக்கும் சேர்த்து ஒரு சிறப்பு நடவடிக்கை டிவிஷன் நமக்கு 2019-ல்தான் வந்தது. முதல் தலைவர் மேஜர் ஜெனரல் அசோக் திங்ரா. அமெரிக்காக்காரன் எட்டுப் பேரைப் பறிகொடுத்த அதே வருடமே தலைமையகம் கட்டினான். நாம் யாழ்ப்பாணத்துக்குப் பிறகு 32 வருடம் யோசித்தோம்.

ஜெனரல் ஆகாதவர் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். ஜெய்ப்பூர் மகாராஜா குடும்பத்து பவானி சிங். அரண்மனையில் இருக்க வேண்டியவர், 1971 டிசம்பரில் 10-ஆவது பாரா கமாண்டோ பட்டாலியனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தார் பாலைவனத்தில் பாகிஸ்தானுக்குள் புகுந்து சாச்ரோ என்ற ஊரை அடித்தார். மகாவீர் சக்ரா விருது கிடைத்தது. அந்த முறை போனவர்கள் திரும்பியும் வந்தார்கள்.

கிருஷ்ணகிரி, பத்தாம் வகுப்பு: மாமா, தோனி உண்மையிலேயே கமாண்டோவா?

கௌரவ லெப்டினன்ட் கர்னல் கண்ணு. 2011-ல் கொடுத்தது, டெரிடோரியல் ஆர்மி என்ற பகுதிநேரப் படையின் பாராசூட் பட்டாலியனில். ஆனால் 2015-ல் ஆக்ராவுக்குப் போய் எங்களைப் போலவே ஐந்து குதி குதித்துத்தான் இறக்கை வாங்கினார். அதை யாரும் கௌரவமாகத் தர முடியாது, தரை வந்து காலில் மோதித்தான் ஆக வேண்டும். 2019 உலகக் கோப்பையில் அவர் கையுறையில் போட்டிருந்த கத்திச் சின்னம் 'பலிதான்'. அது சிறப்புப் படைக்காரர்களுடையது. என் தொப்பி நிறம் அவர்களுடையதுதான், ஆனால் அந்தச் சின்னம் எனக்குக் கிடையாது. 23 நாளுக்கு அதைத் தர மாட்டார்கள்.

பாப்பாரப்பட்டி வாசகர்: எங்கள் பக்கம் 2004-ல் வீரப்பனைச் சுட்டுக்கொன்ற அதிரடிப்படையும் ராணுவக் கமாண்டோவும் ஒன்றா?

இல்லை. அது போலீஸ். அப்போதைய தலைவர் விஜயகுமார் ஐ.பி.எஸ். அதிகாரி. ராணுவம் எல்லைக்கு, போலீஸ் ஊருக்கு, சட்டமும் வேறு. ஆனால் வேலை முறையில் ஓர் ஒற்றுமையை நான் பார்க்கிறேன். வருடக்கணக்கில் காட்டுக்குள் போய்த் தேடிச் சலித்தவர்கள், கடைசியில் காட்டுக்குள் போகவில்லை. அவரை வெளியே வரவழைத்தார்கள். அக்டோபர் 18 ராத்திரி, உங்கள் ஊருக்குப் பக்கத்தில், ஓர் ஆம்புலன்ஸ். சுட்டது சில நிமிடம், அதற்கு முன்னால் காத்திருந்தது மாதக்கணக்கு. அதே சமயம் அந்த வேட்டை நடந்த வருடங்களில் மலையோர மக்கள் பட்ட பாட்டையும், தேசிய மனித உரிமை ஆணையம் குழு போட்டு விசாரித்ததையும் நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பர்கூர், ஒரு தாய்: பையன் பிளஸ் டூ. கமாண்டோதான் ஆவேன் என்கிறான். எங்கே சேர்ப்பது? ஒருவர் மூன்று லட்சம் கேட்கிறார்.

மூன்று ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் அம்மா. ராணுவத்தில் கமாண்டோ என்று நேரடியாக விலைக்கு வாங்குகிற சீட்டு எதுவும் கிடையாது. முதலில் ராணுவத்தில் சேர வேண்டும், அப்புறம் தானாகப் பெயர் கொடுக்க வேண்டும், அப்புறம் அவர்கள் தள்ளாமல் இருக்க வேண்டும்.

சிப்பாயாகப் போவதென்றால் இப்போது அக்னிவீர். பதினேழரை வயது ஆகியிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் தேர்வு, அப்புறம் 1.6 கிலோமீட்டர் ஓட்டம், மருத்துவம். நான்கு வருடம்தான், அதன் பிறகு நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். இதைப் பையனுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். பாராசூட் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் எங்கோ வடக்கே இல்லை, ஓசூர் தாண்டினால் பெங்களூரில்தான். அதிகாரியாகப் போக ஆசையென்றால் என்.டி.ஏ., அதாவது தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வு, வருடத்துக்கு இரண்டு முறை யு.பி.எஸ்.சி. நடத்துகிறது. இப்போது பெண் பிள்ளைகளும் எழுதலாம். அது போனாலும் டிகிரி முடித்து சி.டி.எஸ். என்ற அதிகாரித் தேர்வு எழுதலாம், சென்னை பரங்கிமலையிலேயே அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. ஷூமேக்கரே காலேஜ் முடித்துத்தான் வந்தார்.

பையனை ஒருநாள் விடிகாலை அழைத்து வாருங்கள், ஓடச்சொல்லிப் பார்க்கிறேன். வரைபடம் படிக்கவும் கற்றுத் தருகிறேன். ஓடைகள் பிரிகிற இடத்தை மட்டும் நான் விசேஷமாகவே நடத்துவேன்.

ஓசூர், ஐ.டி. ஊழியர்: எங்கள் கம்பெனியில் மெக்கிரிஸ்டல் என்ற ஜெனரலின் தலைமைப் பண்பு பற்றி இரண்டு நாள் வகுப்பு எடுத்தார்கள். அவரும் ஷூமேக்கர் மாதிரிதானா?

அவரும் அந்தக் கூட்டுத் தலைமையகத்துக்குத் தலைவராக இருந்தவர்தான், 2003 முதல் 2008 வரை. ஈராக்கில் அல்-காய்தா தலைவர் சர்காவியை 2006-ல் முடித்தது அவர் காலத்தில். ஒருவருக்கு ஒருவர் தகவல் சொல்லாத பிரிவுகளைத் தினமும் ஒரே வீடியோ கூட்டத்தில் உட்கார வைத்துப் பேச வைத்தது அவருடைய பெரிய காரியம். பாலைவனத்து வியாதிக்கு இன்னொரு மருந்து. ஆப்கானிஸ்தானில் தலைமையேற்றவர், 2010 ஜூனில் ஒரு பத்திரிகைக்காரர் பக்கத்தில் இருக்கும்போதே தன் ஆட்கள் அரசாங்கத்தைக் கேலி பேச விட்டார். கட்டுரை வந்த வாரமே பதவி போயிற்று. இப்போது கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்கிறார். ஒரு நாளைக்கு ஒரே வேளைதான் சாப்பிடுவார் என்பது பிரபலம். உங்கள் வகுப்பில் மத்தியானச் சாப்பாடு போட்டார்களா?

தேன்கனிக்கோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: நம் பகுதி நடுகற்களைப் பார்த்திருக்கிறீர்களா? வெட்சியும் கரந்தையும் அந்தக் காலக் கமாண்டோ வேலை இல்லையா?

ஐயா, நல்ல இடத்தில் தொட்டீர்கள். தர்மபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்களே, ஒருநாள் முழுதும் நின்று பார்த்தேன். ராத்திரியில் அடுத்த ஊர் மாட்டை ஓட்டி வருவது வெட்சி, துரத்திப்போய் மீட்பது கரந்தை. சின்னக் கூட்டம், இருட்டு, தெரிந்த பாதை, விடிவதற்குள் வீடு. எல்லாம் பொருந்துகிறது. கல்லில் வில்லும் வாளுமாக நிற்கிறவர்கள் எல்லாரும் அன்றைக்குச் செத்தவர்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு பத்திரமாக வந்து, பால் கறந்து குடித்து, கிழவனாகிச் செத்தவனுக்கு யாரும் கல் நடவில்லை. அவன்தான் என் ஆள். அப்படி எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே நின்றதில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன்.

மத்தூர் வாசகர்: 1988-ல் மாலத்தீவில் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தபோது, அதிபரைக் காப்பாற்ற உங்கள் ஆக்ரா பிரிகேட்தானே போனது? நீங்களும் போனீர்களா?

அந்த வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள். நவம்பர் 3 ராத்திரி ஆக்ராவிலிருந்து கிளம்பி, நிற்காமல் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து, ஹுலுலே ஓடுபாதையில் போய் இறங்கினார்கள். விடிவதற்குள் அதிபர் பத்திரம். நான் தீபாவளி லீவில் வந்து, ராயக்கோட்டை சாலையில் ஒரு டீக்கடை ரேடியோவில் செய்தியைக் கேட்டேன். டீக்கடைக்காரர், "உங்க ஆளுங்கதானே, நீங்க போகலையா?" என்றார். காசைக் கொடுத்துவிட்டு டீயைக் குடிக்காமல் வந்தேன்.

வேப்பனப்பள்ளி வாசகர்: ஜூன் இதழில் உங்கள் பகுதி வரவில்லையே, உடம்புக்கு என்ன?

உடம்புக்கு ஒன்றுமில்லை. தோட்டத்தில் பெங்களூரா மாங்காய் ஒரே வாரத்தில் பழுத்துவிட்டது. கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டரோடு இரண்டு ராத்திரி வரிசையில் நின்றேன். மூன்றாம் நாள் விலை இன்னும் இறங்கும் என்று தெரிந்ததும், வண்டியைத் திருப்பிக்கொண்டு பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். டீசல் போக ஏதோ மிஞ்சியது.